பச்சை நூல் முடிச்சு

அப்பாயியின் காரியம் முடிந்த மறுநாள்தான் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். 1991, மாசி மாதம். மேலே இரண்டு நூல் புடவை, நடுவே பாச்சை உருண்டை, அடியில் நீல நிற ஏரோகிராம் கடிதங்கள் ஒரு கட்டு. மூலையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் மஞ்சள் துணியில் காசு வைத்து முடிந்த முடிச்சுகள் ஆறு.

எங்கள் பக்கத்து வீடுகளில் இது புதிதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், மாடு கன்று போடத் திணறுகிறது என்றால், ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பார்கள். காரியம் ஆனதும் அந்தக் காசு எந்தச் சாமிக்கோ அந்தச் சாமிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எது யாருக்கு என்பதில் அவளுக்குக் குழப்பம் வந்ததே இல்லை. முடிச்சின் கழுத்தில் நூல் சுற்றி வைத்திருப்பாள். வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் சிவப்பு, எட்டுக்குடி முருகனுக்கு வெள்ளை, வேளாங்கண்ணிக்கு நீலம், நாகூருக்குப் பச்சை. அதுதான் அவளுடைய பேரேடு.

ஐந்து முடிச்சுகளைப் பற்றி அம்மாவுக்கும் அத்தைக்கும் ஏதோ ஞாபகம் இருந்தது. இது சின்னவளின் பிரசவத்துக்கு, இது போர் போட்டுத் தண்ணீர் வந்ததற்கு என்று பிரித்துவிட்டார்கள். ஆறாவது பச்சை நூல். அது எதற்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர் கீவளூருக்குப் பக்கம். நாகூர் எங்களுக்கு யாத்திரை ஊர் இல்லை, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஊர். தஞ்சாவூரிலிருந்து வரும் பாசஞ்சர் சிக்கல், நாகப்பட்டினம் தாண்டி நாகூரில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் அப்போது தண்டவாளம் கிடையாது. நான் முதலில் அங்கே போனது 1979-இல், ஏழு வயதில், தலை நிறைய முடியோடு. காதில் சீழ் வைத்து மூன்று மாதம் படாதபாடு பட்டிருந்தேன். திருவாரூரில் ஒரு டாக்டர் சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்தார். அப்பாயி அந்தப் பக்கம் நாகூர் ஆண்டவருக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். காது சரியானது. மருந்தில்தானே சரியானது என்று அப்பா கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

"டாக்டருக்குக் குடுத்தது பீசு. இது கடன். ரெண்டையும் ஏன்டா போட்டுக் குழப்புற?"

அப்பா திராவிட இயக்கத்துக்காரர். கோயில் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே தவிர உள்ளே வர மாட்டார். ஆனால் நாகூர் என்றதும் வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டினார். "நான் சாமி கும்பிட வரல. ஹனிபா ஊரைப் பாக்க வர்றேன்" என்றார். எங்கள் ஊர்க் கட்சிக் கூட்டங்களில் மேடை போட்டு முடிப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியில் இ.எம். ஹனிபாவின் கட்சிப் பாட்டு கிளம்பிவிடும். நாகூரில் இறங்கினால் அதே குரல் கடைக்குக் கடை ஆண்டவர் புகழைப் பாடிக்கொண்டிருந்தது. அப்பா ரயிலடியிலேயே நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். கடவுள் இல்லை என்பவருக்கும் உண்டு என்பவளுக்கும் அந்த ஊரில் ஒரே தொண்டைதான் வேலை பார்த்தது.

தெருவுக்குள் திரும்பும் முன்பே தர்காவின் மினாராக்கள் தெரிந்துவிடும். மொத்தம் ஐந்து. சாகிபு மினாரா, தலைமாட்டு மினாரா, முதுபாக் மினாரா, ஓட்டு மினாரா, அப்புறம் எல்லாவற்றையும் குட்டையாக்கிவிட்டு நிற்கும் பெரிய மினாரா. அதன் உயரம் 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டியது. பிள்ளை வேண்டிக் கிடைத்ததற்குக் காணிக்கையாகக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். ராஜா வேண்டிக்கொண்டால் 131 அடிக்குச் செங்கல் அடுக்கலாம். எங்களிடம் இருந்தது என் முடிதான். ஐந்தின் விளிம்புகளிலும் புறாக்கள். ஒன்று எழும்பினால் எல்லாம் எழும்பும், ஒரு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் வந்து உட்காரும். அந்தச் சிறகடிப்புச் சத்தம்தான் எனக்கு நாகூரின் முதல் ஞாபகம்.

ஷிஃபா குளத்தோரம் முடி இறக்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வாய்த்தவர் வயதானவர், வெற்றிலை வாய். பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரைத் தலையில் தேய்த்து ஊறவிட்டு, கத்தியைத் தோல்பட்டையில் நான்கு இழுப்பு இழுத்தார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு கைக்கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத கெட்டியா புடிச்சுக்க தம்பி. தூக்கி மட்டும் எறிஞ்சிராத. ஒருக்க எசமான் எறிஞ்சாங்க, அதுக்கே எங்க ஆளு பாடுபட்டுப் போயிட்டாரு."

அழுகை நின்றது. அவர் சிரைத்துக்கொண்டே கதையைச் சொன்னார். எசமான், அதாவது நாகூர் ஆண்டவர், ஒருநாள் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பாதிச் சவரம் ஆகியிருக்கிறது. திடீரென்று நாவிதர் கையிலிருந்த கண்ணாடியைப் பிடுங்கி வானத்தைப் பார்த்து வீசிவிட்டார். கண்ணாடி போன இடம் தெரியவில்லை. நாவிதருக்கு ஒரே வருத்தம், அவருடைய பிழைப்பே அந்தக் கண்ணாடிதானே. கொஞ்ச நாள் கழித்துக் கப்பல்காரர்கள் காணிக்கையோடு வந்து இறங்குகிறார்கள். நடுக்கடலில் கப்பலின் அடியில் ஓட்டை, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, எசமானை நினைத்துக் கூப்பிட்டோம், எங்கிருந்தோ ஒரு கண்ணாடி வந்து ஓட்டையில் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுக்கவும் செய்கிறார்கள்.

"கண்ணாடி திரும்பி வந்துச்சுல்ல, அதான் முக்கியம்" என்று முடித்தார். எல்லோரும் கப்பல் பிழைத்ததைப் பெரிதாகச் சொல்லும் கதையில், அவர் தொழில் சாமான் திரும்பி வந்ததைப் பெரிதாகச் சொன்னார். பிறகு எத்தனையோ பேர் சொல்லி இந்தக் கதையைக் கேட்டுவிட்டேன். அவர் சொன்னதுதான் சரியான பாடம் என்று எனக்குத் தோன்றும்.

குளித்து, தலையில் சந்தனம் பூசி, அலங்கார வாசல் வழியாக உள்ளே போனோம். வாசலிலேயே உரு விற்கிறார்கள். வெள்ளி போல் மின்னும் மெல்லிய தகட்டில் கண், காது, கை, கால், தொட்டில், வீடு, கப்பல் என்று அச்சடித்து வைத்திருப்பார்கள். எந்த உறுப்பில் நோவோ, எந்தக் காரியத்தில் மனக்குறையோ, அதன் உருவை வாங்கிச் செலுத்த வேண்டும். அப்பாயி காது வாங்கினாள். இடது காதா வலது காதா என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் தகட்டைத் திருப்பிக் காட்டி, "இப்புடிப் பாத்தா வலது, அப்புடிப் பாத்தா இடது, எடுத்துக்கங்கம்மா" என்றார்.

உள்ளே சாம்பிராணிப் புகையும் ரோஜாவும் எண்ணெய் விளக்கும் கலந்த ஒரு வாசனை. வெள்ளித் தகடு போர்த்திய கதவுகள், அதற்கும் உள்ளே பட்டுப் போர்த்திப் பூப் போட்ட சமாதி. பக்கத்திலேயே வளர்ப்பு மகன் யூசுப் சாகிபுக்கும் அவர் மனைவிக்கும் சமாதிகள் உண்டு. யூசுபின் வழிவந்தவர்கள்தான் இன்றைக்கும் தர்காவில் முறை வைத்து ஊழியம் பார்க்கிற சாபுமார்கள். எங்களுக்கு ஓதிய சாபு, "என்னா ஊரு வாப்பா?" என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். மயிலிறகுக் கட்டால் மொட்டைத் தலையில் மெல்லத் தட்டி, பாத்திஹா ஓதி, கையில் சர்க்கரையும் இரண்டு ரோஜா இதழும் வைத்தார். மயிலிறகு ஈர மண்டையில் பட்டுக் கூசியது. நான் சிரித்துவிட்டேன். அப்பாயி தொடையில் கிள்ளினாள்.

இதுவரை சொன்னதை வைத்து யாரும் கந்தூரித் திருவிழா சமயத்துப் பத்திரிகைச் செய்தி ஒன்றை எழுதிவிடலாம். வருஷா வருஷம் எழுதுகிறார்கள். மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று அதில் கட்டாயம் ஒரு வரி இருக்கும். பொய் என்று சொல்ல மாட்டேன். முடி இறக்க வருகிறவர்களில் எங்களைப் போன்ற வீட்டார் எத்தனை பேர் என்று குளத்தோரம் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தெரியும். மராட்டிய மன்னர்கள் மானியம் விட்டதும் உண்மை. ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாயியின் தூக்குவாளி ஞாபகம் வந்துவிடும்.

நாகூருக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள் ஒரு தூக்கில் புளிச்சோறு, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொள்வாள். எசமானிடம் கேட்காத வரம் கிடையாது. எசமான் ஊரில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். பாத்திஹா ஓதிய சர்க்கரையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வாள், அது வேறு கணக்கு. தெருவில் வாடா சுடும் வாசனை, தம்ரூட் கடைகள், எதற்கும் நிற்க மாட்டாள். அப்பா மட்டும் எங்கேயோ நழுவிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

அன்றைக்கு உச்சி வெயிலில், புதிதாக மழித்த தலையோடு ரயிலடிக்கு நடக்கும்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார்கள். செம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது. உள்ளிருந்து முக்காடு போட்ட ஒரு அம்மா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அப்பாயி அந்த டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவளே வாங்கி என் வாயில் வைத்தாள். "நீங்களும் குடிங்களேன்" என்று அந்த அம்மா சொன்னதற்கு, "எனக்கு வேணாம்மா, பல்லு கூசும்" என்றாள். அப்பாயிக்கு அப்போது பல் இரண்டோ மூன்றோதான் இருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்குப் புரிந்திருக்கும் என்று எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

நாகூராருக்கும் எங்களுக்கும் இருந்த கணக்கில் பாதி, கடல் கணக்கு. சித்தப்பா 1971-இல் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். எஸ்.எஸ். ரஜூலா. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ராத்திரியில் கப்பலின் விளக்குகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாயி அதற்கு முன்தினமே நாகூர் போய்க் கப்பல் உரு ஒன்றைச் செலுத்திவிட்டு வந்திருந்தாள். இந்தக் கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. மரக்கலம் ஓட்டிய மரைக்காயர்கள் போன துறைமுகங்களுக்கெல்லாம் அவர் பேரைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது. பினாங்கில் சூலியா தெருவில் ஒன்று. இலங்கையில் கல்முனைக்குடிக் கடற்கரையில் ஒன்று. எதிலும் உடல் கிடையாது. நினைவுக்குக் கட்டியவைதான்.

சித்தப்பா போய்ச் சேர்ந்து எழுதிய முதல் ஏரோகிராமிலேயே இது வந்துவிட்டது. இங்கே நான் இருக்கிற கடைக்குப் பக்கத்திலேயே நாகூர் ஆண்டவர் தர்கா இருக்கிறது, அம்மாவிடம் சொல்லவும் என்று எழுதியிருந்தார். அப்பா படித்துக் காட்டினார். அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் உரு போட்டது நேத்துதானே, அதுக்குள்ள அங்க போயிட்டாரா?" என்றாளாம்.

1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் செத்துப்போனார்கள். ரஜூலாவுக்குப் பிறகு அந்த வழியில் ஓடிய கப்பல் அதுதான். சித்தப்பா அந்த வருஷம் வருவதாக எழுதியிருந்தார், எந்தத் தேதி என்று எழுதவில்லை. அப்பா தந்தி கொடுக்க ஓடினார். அப்பாயி மஞ்சள் துணியைக் கிழித்தாள். பத்து நாள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பிறகு கடிதம் வந்தது. அவர் கிளம்பவே இல்லை.

அந்த வருஷம் கந்தூரி மார்ச் முதல் வாரத்தில் விழுந்தது. காசைச் செலுத்த அப்பாயி என்னை அழைத்துக்கொண்டு போனாள். எனக்குப் பதின்மூன்று வயது. ஜமாதுல் ஆகிர் பிறை கண்டதும் ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறிவிடும், பதினான்கு நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் இரவு நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு புறப்படும். விடிவதற்குள் நாகூர் வந்து, அந்தச் சந்தனத்தைச் சமாதியில் பூசுவார்கள். நாங்கள் நாகப்பட்டினத்திலிருந்தே கூடவே நடந்தோம். நடந்தோம் என்று சொல்வது பெருமைக்கு. கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பேண்டு வாத்தியம், தப்பட்டை, விளக்கு ஜோடித்த கப்பல் வண்டி, அதன் பின்னால் ஜெனரேட்டர் வண்டி கக்கும் டீசல் புகை. வீட்டு மாடிகளிலிருந்து பூவும் பன்னீரும் மேலே விழுந்தன. நடுநிசிக்கு மேல் அப்பாயி சாலையோரம் துண்டை விரித்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். கூடு தாண்டும்போது எழுப்பச் சொல்லியிருந்தாள். எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே கும்பிட்டாள்.

காலையில் அந்தக் கப்பல் முடிச்சை உண்டியலில் போட்டாள். நானே பார்த்தேன். ஆகவே டிரங்குப் பெட்டியில் மிஞ்சிய முடிச்சு அது இல்லை.

1986-க்குப் பிறகு சித்தப்பாவிடமிருந்து கடிதம் வரவில்லை. ஒரு வருஷம் கழித்துப் பினாங்கிலிருந்து வந்த ஊர்க்காரர் ஒருவர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மலாய்க்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டார், மதம் மாறிப் பேரும் மாறிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறார். அப்பா வீட்டில் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எங்கள் வீட்டில் மெதுவாகச் சொன்னது மாட்டுக் கொட்டகை வரை கேட்கும். அப்பாயி கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, சாகும் வரை கேட்கவில்லை.

நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். பின்னால் அம்மா சொல்லித்தான் தெரியும். அதற்குப் பிறகு ஒருநாள் அப்பாயி யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் நாகூர் போய் வந்தாளாம். அம்மா வழக்கம்போல் புளிச்சோறு கிளறித் தூக்கில் போட்டு வைத்திருக்கிறாள். அப்பாயி கிளம்பிப் போன பிறகு பார்த்தால், தூக்கும் செம்பும் அடுப்படியிலேயே இருந்திருக்கின்றன. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று அம்மா பதறியிருக்கிறாள். சாயங்காலம் திரும்பி வந்தவளிடம், "சாப்பிட்டீங்களா அத்தே?" என்று கேட்டதற்கு, "ம்" என்றாளாம்.

முடிச்சை அம்மா சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. காரியம் ஆனால்தான் காசு செலுத்த வேண்டும். காரியம் என்னவென்றே தெரியாதபோது, ஆயிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும்? நடக்காத வேண்டுதலுக்குக் காசு போடலாமா என்பது அம்மாவின் கேள்வி. முடிந்த காசு வீட்டில் தங்கக்கூடாது என்பது அத்தையின் கட்சி. அப்பா, அவிழ்த்து டீ குடித்துவிடலாம் என்றார். இப்படியே இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

இடையில் நாகூருக்கு நான் போகாமல் இல்லை. படிக்கப் போய், அந்த ஊர் எழுத்தையும் தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த குலாம் காதிறு நாவலர் நாகூர்ப் புராணம் பாடியிருக்கிறார். சித்தி ஜுனைதா பேகம் என்ற பெண்மணி 1938-லேயே நாவல் எழுதியிருக்கிறார். எசமானின் பேர் ஷாஹுல் ஹமீது என்பதும், பதினாறாம் நூற்றாண்டில் வடக்கே மாணிக்கப்பூரிலிருந்து புறப்பட்டவர் என்பதும், குவாலியரில் முகம்மது கௌஸ் என்ற சூஃபி குருவிடம் இருந்து, மக்கா போய், மாலத்தீவும் இலங்கையும் தொட்டு இந்தக் கரைக்கு வந்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தஞ்சை அச்சுதப்ப நாயக்கருக்குத் தீராத நோய் வந்தபோது, மாளிகையில் ஊசி குத்தி வைத்திருந்த புறா ஒன்றைப் பிடித்து ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், மன்னருக்கு நோவு தீர்ந்தது, அதற்குக் கிடைத்த நிலம்தான் இந்த இடம் என்பது கதை. மினாராப் புறாக்களை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஒரு முறை போனேன். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்திருந்தார்கள். சில்லடிக் கடற்கரைப் பக்கம் போக மனம் வரவில்லை. பெயர் தெரியாத உடல்களை எந்த மதம் என்று பார்க்காமல் தர்கா இடத்தில் அடக்கம் செய்தார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு முடிச்சை எடுத்துக்கொண்டு போகத் தோன்றவில்லை.

அம்மா 2014-இல் போனாள். இரண்டு வருஷம் கழித்து வீட்டைப் பிரித்துக் கட்டும்போது சாமி மாடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மஞ்சள் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது, நூலில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. துணியின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியாக நாணயத்தின் விளிம்பு தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். ஒரு ரூபாய், வருஷம் 1987.

ஆக, 1977 புயலில் கூரை பறந்தபோது வேண்டியதில்லை. கப்பல் தீயும் இல்லை. 87-க்குப் பிறகு அப்பாயி எசமானிடம் தனியாக ஏதோ கேட்டிருக்கிறாள். பிள்ளை திரும்பி வர வேண்டும் என்று கேட்டாளா, போன இடத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டாளா, போன மதத்திலிருந்து மீள வேண்டும் என்று அந்த மதத்துப் பெரியவரிடமே போய்க் கேட்டாளா. அது அவளால் முடியும். அந்தத் தூக்குவாளியை நினைத்துக்கொண்டு, அவள் மனசு மாறிவிட்டது என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அவள் கடைசி வரை எங்கள் தெருவில் யார் யாரைத் திண்ணைக்கு மேல் ஏற்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சித்தப்பா வரவில்லை. முடிச்சை எடுத்துக்கொண்டு நாகூர் போனேன். தண்டவாளம் இப்போது காரைக்கால் வரை போகிறது. நாகூரில் இறங்க மறந்தால் பக்கத்து யூனியன் பிரதேசம்தான்.

வெள்ளிக் கதவுக்கு முன்னால் ஒரு இளவயது சாபு. பச்சைத் துண்டு, மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச்.

"யாருக்கு ஓதணும்ணே?"

"எங்க அப்பாயி வேண்டுதல். அவங்க இல்ல."

"என்னா காரியத்துக்கு?"

"தெரியல."

"நடந்துச்சா?"

"அதும் தெரியல."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்பாயியின் பேரைக் கேட்டார், சொன்னேன். கேட்காமலே சித்தப்பாவின் பேரையும் சொன்னேன், பழைய பேரை. ஓதினார். காசை வெளியே எடுத்து உண்டியலில் போடலாம் என்று முடிச்சைப் பிரிக்கப் பார்த்தேன். முப்பது வருஷம் இறுகிப்போன முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. பல்லால் கடித்தேன். அவர் பதறி, "அண்ணே, அண்ணே, அப்படியே போடுங்க" என்றார். உண்டியல் வாயில் துணியோடு திணித்தேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்கவில்லை. துணி சுற்றியிருந்தால் சத்தம் வராதுதான். மயிலிறகு தலையில் பட்டது. இந்தத் தடவை கூசவில்லை.

வெளியே வந்து ஒரு கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன், இரண்டு வாடாவும் தின்றேன். எண்ணெய் அதிகம். குளத்தோரம் நிழலாக இருந்தது, போய் உட்கார்ந்தேன். முடி இறக்குகிறவர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பழக்க தோஷத்தில் என்னையும் கூப்பிட்டார்.

"முடி எறக்கணுமா சார்?"

தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். காதோரம் நான்கு மயிர் தவிர அங்கே இறக்க ஒன்றும் கிடையாது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் எனக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கையிலிருந்த கண்ணாடியைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.